விற்பனை மென்பொருளில் ஏஐ ஏஜென்ட்: கருவி விளக்கத்தை எவ்வளவு எழுத வேண்டும்?

வேளச்சேரி நிரலர்:
வாடிக்கையாளர், விற்பனை விவரங்களைப் பதிந்துவைக்கும் எங்கள் சிஆர்எம் மென்பொருளோடு, பயனர் சொல்வதைக் கேட்டுத் தானே வேலை செய்யும் ஓர் ஏஐ ஏஜென்ட்டை இணைத்தோம். ஏஜென்ட் அழைத்துப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரல் செயல்பாடும் ஒரு கருவி. டீலை (பேச்சில் இருக்கும் விற்பனையை) முடித்துவைக்கும் கருவிக்கு நான் எழுதியிருந்த விளக்கம் ‘டீலை க்ளோஸ் செய்யும்’ என்ற ஒரே வரி. வாடிக்கையாளர் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைத்ததால் ‘இதை இப்போதைக்கு க்ளோஸ் பண்ணி வை’ என்று விற்பனையாளர் ஒருவர் தட்டச்சு செய்தார். ஏஜென்ட் அந்த டீலைத் தோல்வி என்று பதிந்துவிட்டது. நான் எழுதிய வரியே அதற்குக் காரணம். விற்பனையாளர் பேச்சில் க்ளோஸ் என்றால் பெரும்பாலும் ஆர்டர் கிடைத்துவிட்டது என்று பொருள்; மென்பொருளில் வெற்றி, தோல்வி இரண்டுமே க்ளோஸ்தான். கருவியின் பெயர், விளக்கம், நிரப்ப வேண்டிய புலங்கள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் எதை அழைப்பது என்று ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடல் முடிவு செய்கிறது. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் அது என்ன செய்யும், எப்போது அழைக்கலாம், எப்போது அழைக்கவே கூடாது, என்ன திருப்பித் தரும் என்று நான்கைந்து வாக்கியங்களாவது எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிண்டி கட்டமைப்பாளர்:
மறுக்கிறேன். விளக்கம் ஒரு வேண்டுகோள். மாடல் அதைப் பெரும்பாலும் மதிக்கும், எப்போதும் மதிக்கும் என்பதற்கு உறுதியில்லை. அந்தக் கருவியை வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று எனப் பிரித்து, தோல்விக்கான காரணத்தைக் கட்டாயப் புலமாக்கி, அதற்குரிய மதிப்புகளை, புலங்களில் எது செல்லும் என்று வரையறுக்கும் ஸ்கீமாவிலேயே பட்டியலிட்டுவிட்டால் உங்கள் சிக்கல் தீரும். 60 கருவிகளுக்கும் பத்தி பத்தியாக எழுதினால், ஒவ்வொரு உரையாடலிலும் அத்தனையும் மாடலின் சூழல் சாளரத்தை (ஒரே நேரத்தில் அது பார்க்கக்கூடிய உரையின் அளவை) நிரப்பும். உரையைச் சிறு துண்டுகளாக எண்ணிக் கணக்கிடும் டோக்கன் செலவு ஏறும், ஒத்த விளக்கங்களுக்கிடையே தேர்வும் தடுமாறும். மேலும், ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை வழியாக இப்போது வெளியாருடைய கருவிகளும் வந்து சேர்கின்றன. அவர்கள் எழுதும் விளக்கத்துக்குள்ளேயே தீய கட்டளையை ஒளித்துவைக்க முடியும். விளக்கத்தை நம்பிக் கட்டிய காவல் அங்கே நிற்காது.

வேளச்சேரி நிரலர்:
பிரிக்கும் யோசனையை ஏற்கிறேன். ஆனால் ஸ்கீமா சரியென்று ஒப்புக்கொள்ளும் தவறுகளை என்ன செய்வீர்கள்? பயனர் ‘12.5 லட்சம்’ என்று சொல்ல, மாடல் தொகைப் புலத்தில் 12.5 என்று அனுப்பினால், அதுவும் செல்லுபடியாகும் எண்தான். ‘ரூபாயில், ஜிஎஸ்டி நீங்கலாக, 12.5 லட்சம் என்றால் 1250000’ என்று ஒரு வரி இருந்தால் அந்தத் தவறு அரிதாகும். காலாண்டும் அப்படியே: நம் நிதியாண்டில் முதல் காலாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, சொல்லாவிட்டால் மாடல் ஜனவரியிலிருந்து எண்ணக்கூடும். இவற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருவது தேடல். லீடாக (இனி வாங்கக்கூடும் என்று பதிந்தவராக) இருந்தவரைக் கான்டாக்ட்டாக (உறுதியான தொடர்பாக) மாற்றிய பிறகு, எங்கள் லீட் தேடலில் அவர் பெயர் வருவதில்லை. அது விளக்கத்தில் இல்லையென்றால், ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று ஏஜென்ட் முடிவுகட்டி, ஆண்டுக்கணக்கில் நம்மிடம் வாங்குகிறவரைப் புது லீடாகப் பதிந்து, அவருக்கே அறிமுக மின்னஞ்சலும் அனுப்பிவிடும்.

அம்பத்தூர் விற்பனையாளர்:
நான் நிரல் எழுதுபவன் அல்லன். தொழிற்பேட்டையில் வால்வு விற்கிறேன். நீங்கள் எழுதும் விளக்கத்தை எங்களில் யாரிடமாவது படித்துக் காட்டுகிறீர்களா? வாங்கும் நிறுவனத்தை நாங்கள் ‘பார்ட்டி’ என்போம்; மென்பொருளில் அது அக்கவுன்ட். ‘என்கொயரி’ என்பது சில வேளை லீட், சில வேளை டீல். பார்ட்டி தொலைபேசியில் ‘ஆர்டர் உங்களுக்குத்தான்’ என்று சொன்னாலும், பி.ஓ. (கொள்முதல் ஆணை) கைக்கு வரும்வரை எங்கள் மேலாளர் அதை வெற்றியாகக் கணக்கில் கொள்ளமாட்டார். இதை எந்த விளக்கத்திலும் நான் பார்த்ததில்லை.

கிண்டி கட்டமைப்பாளர்:
ஐயா, பி.ஓ. எண்ணையும் கட்டாயப் புலமாக்கிவிடலாம். தேடலுக்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. லீட், கான்டாக்ட் இரண்டையும் ஒரே கருவி தேடட்டும்.

வேளச்சேரி நிரலர்:
தேடலைப் பொறுத்தவரை உங்கள் வழியே மேல். பி.ஓ. எண்ணில் உடன்பட முடியவில்லை. கட்டாயம் என்று மட்டும் சொன்னால், எண் கையில் இல்லாதபோது மாடல் எதையாவது இட்டு நிரப்பக்கூடும். ‘எண் தெரியாவிட்டால் அழைக்காதே, பயனரிடம் கேள்’ என்பதை விளக்கத்தில்தான் சொல்ல முடியும்.

கிண்டி கட்டமைப்பாளர்:
அந்த ஒரு வரி இருக்கட்டும். ஆயினும், அந்த எண் ஆர்டர் பதிவேட்டில் உண்மையிலேயே இருக்கிறதா என்று சர்வர் சரிபார்த்து, இல்லாவிட்டால் ‘பிழை 400’ என்று மொட்டையாகத் திருப்பாமல், ‘இந்த பி.ஓ. எண் பதிவில் இல்லை. பயனரிடம் கேட்டு உறுதிசெய்க’ என்று பதில் தர வேண்டும். பிழைச் செய்தியையும் மாடல் படிக்கிறது. தேவைப்படும்போது மட்டும் வருவதால் அது சாளரத்தை அடைப்பதில்லை. உங்கள் நான்கைந்து வாக்கியங்களில் பாதியை அங்கே நகர்த்தலாம் என்றே இப்போதும் சொல்கிறேன்.

வேளச்சேரி நிரலர்:
லட்சக் கணக்கும் காலாண்டும் எந்தப் பிழைச் செய்தியையும் எழுப்பாதவை. அவை விளக்கத்தில்தான் இருக்க வேண்டும். அம்பத்தூர் நண்பரே, உங்கள் குழுவினர் ஏஜென்ட்டிடம் கேட்கக்கூடிய 30 வாக்கியங்களை, பார்ட்டிகளின் பெயரை நீக்கிவிட்டு, பேச்சு நடையிலேயே இங்கே இடுங்கள். பழைய விளக்கத்தோடும், புதிய விளக்கத்தோடும், கிண்டி நண்பர் சொன்ன பிழைச் செய்திகளோடும் அவற்றை ஓட்டி, எந்த வாக்கியத்துக்கு எந்தக் கருவி அழைக்கப்பட்டது என்று வரி வரியாகப் பதிகிறேன்.