21 நாளில் பழக்கம் வந்துவிடுமா?

தகடூரான்: "21 நாள் விடாமல் ஐந்து மணிக்கு எழுந்தால் போதும், பழக்கமாகிவிடும்" என்று நேற்று மாங்கனி எழுதியிருந்தார். இந்த 21 எங்கிருந்து வந்தது? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது. ஆபரேஷன் செய்துகொண்டவருக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறதாம். மூக்கு பழகுவதும் அதிகாலையில் எழுவதும் ஒன்றா?

மாங்கனி: எனக்கு வந்தது. தினமும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை அடிவாரம் வரை நடக்கிறேன். ஒரு நாளாவது எழுந்து பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் சகோ.

தகடூரான்: லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துப் பார்த்தது. ஒரு பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254. 21 இல்லை. மறுபடியும் சொல்கிறேன், 21 இல்லை.

ஓசூர்ஷிஃப்ட்: அந்த ஆய்வு நடந்ததே 84 நாள்தான். 254 எப்படி வந்தது? கணக்குப் போட்டு நீட்டியது. அதை ஏன் சொல்லவில்லை? அப்புறம், நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிடும்போதே மணி ஏழு. நான் எந்த ஐந்துக்கு எழ?

தகடூரான்: 21க்கு அந்தக் கணக்குகூடக் கிடையாதே!

மாங்கனி: "சித்திரமும் கைப்பழக்கம்" என்று உங்கள் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையே பாடிவிட்டார். அவரும் லண்டனா?

தகடூரான்: நெல்லிக்கனி ஔவை சங்க காலம். இந்த வெண்பா பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். கடைசி அடி தெரியுமா? "கொடையும் பிறவிக் குணம்." பழகினாலும் வராதது உண்டு என்பதும் அதே பாட்டுதான். அதிலும் 21 இல்லை.

மாங்கனி: 2004இல் கிருஷ்ணகிரி உங்களிடமிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனதிலிருந்தே தருமபுரிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல்.

ஓசூர்ஷிஃப்ட்: தருமபுரியே 1965இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதானே? இதில் என்ன பெருமை!

குரூப்ஃபோர்: அண்ணா, ஒரு சந்தேகம். நடுவில் ஒரு நாள் படிப்பு விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்தா?

மாங்கனி: ஆமாம் தம்பி. மறுபடி ஒன்றிலிருந்து.

தகடூரான்: பொய். ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்றுதான் லாலி ஆய்வில் வந்தது. பையனைக் குழப்பாதீர்கள்.

மாங்கனி: லாலி, லாலி! தாலாட்டா பாடுகிறீர்கள்? அதனால்தான் எட்டு மணி வரை தூக்கம்.

தகடூரான்: காலை நடைக்குக் குழு ஆரம்பித்துவிட்டு என்னை மட்டும் சேர்க்காமல் விட்டவர்தானே நீங்கள்? அதையும் பேசுவோம். முதலில் 21க்கு ஆதாரம் போடுங்கள்.