ஸ்க்ரீனிங்: வடிகட்டலா, முதல்நோட்டமா?

எழுதியவர்: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்
பொருள்: ‘ஸ்க்ரீனிங்’ – ஒரே சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆசிரியர்களுக்கான பள்ளி உளவியல் கையேட்டின் வரைவில் ‘ஸ்க்ரீனிங்’ நான்கு வேடம் போட்டிருக்கிறது. முதல் அத்தியாயத்தில் திரையிடல், இரண்டாவதில் வடிகட்டல், நான்காவதில் பரிசோதனை, பின்னிணைப்பில் கண்டறிதல். படிக்கும் ஆசிரியர் இவை நான்கும் வெவ்வேறு வேலைகள் என்றே நினைப்பார். ‘திரையிடல்’ பற்றி விவாதமே வேண்டாம். குழந்தைகளுக்குப் படம் காட்டப் போகிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். மீதி மூன்றில் ஒன்றா, புதிதாக ஒன்றா?

சொல் சுமக்க வேண்டிய பொருள் இது: வகுப்பில் இருக்கும் எல்லாக் குழந்தைகளையும், படிப்பில் பின்தங்கியதாகச் சந்தேகப்படுபவர்களை மட்டுமல்ல, ஒரே முறையில், ஆளுக்குச் சில நிமிடங்களில் பார்ப்பது. வழக்கமாக ஆண்டுக்கு 3 தடவை: தொடக்கத்தில், நடுவில், முடிவில். முன்கூட்டியே வகுத்த எல்லைக்குக் கீழே வருபவர்களைப் பிறகு கூர்ந்து பார்ப்பார்கள்.

தனிச் சொல்லாக நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ‘ஸ்க்ரீனிங் கருவி’, ‘ஸ்க்ரீன் செய்யப்பட்ட குழந்தை’, ‘மறுபடி ஸ்க்ரீன் செய்க’, ‘யுனிவர்சல் ஸ்க்ரீனிங்’ என்ற நான்கு இடத்திலும் இடறாமல் நிற்க வேண்டும்.

*

எழுதியவர்: பொறியியல் தமிழ் ஆர்வலர்

வடிகட்டலில் என்ன குறை? கண் அளவு, வலை, மேலே நிற்பது, கீழே விழுவது எல்லாம் பொருந்துகின்றன. கொஞ்சம் நயம் வேண்டுமென்றால் ‘சலித்தெடுத்தல்’. வினையாகவும் வரும், பெயராகவும் வரும்.

*

எழுதியவர்: பள்ளி உளவியலாளர்

> வடிகட்டலில் என்ன குறை?

திசைதான் குறை, ஐயா. போட்டித் தேர்வில் ‘வடிகட்டுகிறார்கள்’ என்றால் தகுதியற்றவர் வெளியே போகிறார் என்று பொருள். இங்கே எல்லைக்குக் கீழே வரும் குழந்தைக்கு உதவி கூடுகிறது. யாரும் வெளியே போவதில்லை. இந்தச் சொல்லைப் படித்த பெற்றோர் தங்கள் பிள்ளை கழிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியரும் கழித்தே விடலாம். சலித்தலுக்கும் இதே தடை.

பின்னிணைப்பில் வரும் ‘கண்டறிதல்’ இன்னும் மோசம். ஏன் என்பதை எண்ணிலேயே காட்டிவிடலாம். 400 பிள்ளைகள் உள்ள பள்ளி. அவர்களில் 10 சதவீதத்தினருக்கு, அதாவது 40 பேருக்கு, வாசிப்பில் உண்மையாகவே கூடுதல் உதவி தேவை என்று கொள்வோம். கருவியின் உணர்திறன் 90 சதவீதம் என்றால் அந்த 40 பேரில் 36 பேர் பிடிபடுவார்கள், 4 பேர் தப்பிவிடுவார்கள். தேவை இல்லாத 360 பேரை அது 80 சதவீதம் சரியாகப் பிரிக்கிறது என்றால் 288 பேர் ஒதுங்குவார்கள், 72 பேர் தவறாகப் பட்டியலில் ஏறுவார்கள். ஆகப் பட்டியலில் 108 பெயர்கள். உண்மையில் தேவை உள்ளவர்கள் அதில் 36 பேர், மூன்றில் ஒரு பங்கு. இத்தனைக்கும் இது நல்ல கருவி! மூன்றில் இரண்டு தவறாக இருக்கும் பட்டியலுக்குக் ‘கண்டறிந்தோம்’ என்று தலைப்பிட முடியுமா?

அதே கருவியை 30 சதவீதத்தினருக்கு உதவி தேவைப்படும் இன்னொரு 400 பேரிடம் வைத்தால் 164 பெயர்கள் வரும், 108 சரியாக இருக்கும்; ஏறக்குறைய மூன்றில் இரண்டு. கருவி மாறவில்லை, பட்டியலை நம்பலாமா என்பது மட்டும் தலைகீழாகிவிட்டது. இதனால்தான் ஒரு பள்ளிக்கு வகுத்த எல்லையை அடுத்த பள்ளிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்கிறோம்.

கையேட்டில் அடுத்தடுத்து மூன்று வேலைகள் வருகின்றன. எல்லாரையும் ஒருமுறை பார்ப்பது ஸ்க்ரீனிங். பட்டியலில் வந்தவரிடம் எந்தத் திறன் எங்கே முறிகிறது என்று தேடுவது நோயறிவகை மதிப்பீடு. உதவி தொடங்கிய பின் வாரம்தோறும் அளந்து கோடு வரைவது முன்னேற்றம் பார்ப்பது. மூன்றுக்கும் அதே ஒரு நிமிட வாசிப்பைக்கூடப் பயன்படுத்தலாம். ஆனால் எடுக்கும் முடிவு வேறு. சொற்கள் ஒன்றையொன்று தின்னக் கூடாது.

*

எழுதியவர்: ஆசிரியர் பயிற்சியாளர்

ஒரு நிமிட வாசிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. நடைமுறையை இங்கே எழுதிவைத்தால் சொல் பொருந்துகிறதா என்று எல்லாரும் சோதித்துப் பார்க்கலாம்.

*

எழுதியவர்: பள்ளி உளவியலாளர்

சரி. 1980களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோவும் அவர் குழுவினரும் வளர்த்த பாடத்திட்டவழி அளவீட்டிலிருந்து வந்த முறை இது. வகுப்பு நிலைக்கேற்ற, குழந்தை முன்பு படித்திராத பத்தி. குழந்தையிடம் ஒரு படி. ஆசிரியரிடம் வரிதோறும் கூட்டுச் சொல்லெண் அச்சிட்ட இன்னொரு படி. முதல் சொல்லைக் குழந்தை உச்சரிக்கும்போது கடிகாரம் தொடங்குகிறது. தவறாக உச்சரித்தது, மாற்றிப் படித்தது, விட்டது எல்லாம் பிழை. 3 வினாடி தயங்கினால் ஆசிரியர் சொல்லைச் சொல்லிக் கொடுத்துப் பிழையாகக் குறிப்பார். தானே 3 வினாடிக்குள் திருத்திக்கொண்டால் சரி. இல்லாத சொல்லைச் சேர்த்துப் படித்தால் பிழை இல்லை. 60ஆவது வினாடியில், கடைசியாகப் படித்த சொல்லுக்குப் பின் அடைப்புக் குறி. படித்த சொற்களிலிருந்து பிழைகளைக் கழித்தால் நிமிடத்துக்கு இத்தனை சரியான சொற்கள். மூன்று பத்திகள் படிக்க வைத்து நடு எண்ணை எடுப்பது நல்லது. 62, 41, 58 என்று வந்தால் 58. சராசரி எடுத்தால் அந்த ஒரு கடினமான பத்தி எண்ணைக் கீழே இழுத்துவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள்: ‘எவ்வளவு வேகமாக முடியுமோ படி’ என்று சொல்வது. சொல்ல வேண்டியது ‘உன்னால் முடிந்தவரை நன்றாகப் படி’. முன்னதைச் சொன்னால் பந்தயம் ஆகிவிடும். பேச்சுத் திக்கு உள்ள குழந்தைக்கு இந்த அளவை வாசிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. கண்ணும் காதும் பார்க்கப்படாமல் எண்ணை நம்புவது இன்னொன்று. அன்று வராத பிள்ளைகளை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அடிக்கடி விடுப்பு எடுப்பவர்களில்தான் தேவை கூடியவர்கள் இருப்பார்கள், ஆகவே பட்டியல் சரியான இடத்தில் ஓட்டையாகிறது.

தமிழுக்கென்று இரண்டு சிக்கல் உண்டு. ‘வந்துகொண்டிருந்தார்களாம்’ நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்துக்கு வகுத்த சொல்லெண் எல்லைகள் இங்கே செல்லாது. எழுத்துகளை எண்ணுவது நியாயமாக இருக்கும் என்பது என் எண்ணம். இரண்டாவது, ‘வந்துவிட்டான்’ என்று அச்சிட்டிருப்பதைக் குழந்தை ‘வந்துட்டான்’ என்று படித்தால் பிழையா? அச்சை அது வாசித்துப் புரிந்துகொண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஒரு ஆசிரியர் பிழை போட, அடுத்த வகுப்பு ஆசிரியர் விட்டுவிட்டால் இரண்டு வகுப்பையும் ஒப்பிட முடியாது. எதுவானாலும் தொடங்கும் முன்பே எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும்.

*

எழுதியவர்: சொல்லாய்வாளர்

இவ்வளவையும் படித்த பின் என் முன்மொழிவு: முதல்நோட்டம்.

‘முன்சோதனை’ என்று ஒருவராவது எழுதுவார், அதற்கு முன்பே மறுத்துவிடுகிறேன். கல்வி ஆய்வில் முன்சோதனை, பின்சோதனை என்பவை கற்பித்தலுக்கு முன்னும் பின்னும் வைப்பவை. அந்த இணை நிலைத்துவிட்டது. ‘இனங்காணல்’ இன்னாருக்கு இன்ன குறை என்று முடிவு சொல்லும் கட்டத்துக்குப் போய்விட்டது.

நோட்டம் பழைய தொழிற்சொல். நாணயம் நல்லதா என்று பார்ப்பது நோட்டம், பார்ப்பவர் நோட்டக்காரர். எல்லாக் காசும் கை வழியாகப் போகும், ஐயமானவை தனியே வைக்கப்படும், பிறகு உரைத்துப் பார்க்கப்படும். ‘முதல்’ என்ற முன்னொட்டு இதற்குப் பின் இன்னொன்று உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறது. முதல்நோட்டக் கருவி, முதல்நோட்டம் பார்த்தல், மறுநோட்டம், பொது முதல்நோட்டம். யுனிவர்சல் என்பதை ‘உலகளாவிய’ என்று போட்டுவிடாதீர்கள். வகுப்பில் எல்லாரையும் என்பதுதான் அங்கே பொருள், உலகத்துக்கு அங்கே வேலை இல்லை.

*

எழுதியவர்: ஆசிரியர் பயிற்சியாளர்

நோட்டக்காரர் போய் நெடுநாள் ஆகிறது, ஐயா. இன்று தெருவில் ‘நோட்டம் விடுறான்’ என்றால் திருட வந்தவன். ‘உங்கள் பிள்ளையை நோட்டம் பார்த்தோம்’ என்று கடிதம் போனால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். ‘முதல்நிலைச் சோதனை’ என்றால் எல்லாருக்கும் புரியுமே?

*

எழுதியவர்: பள்ளி உளவியலாளர்

புரியும், ஆனால் தவறாகப் புரியும். முதல்நோட்டங்களில் பல வகை சோதனையே அல்ல. குழந்தை எதற்கும் பதில் எழுதுவதில்லை; அதைப் பார்க்கும் பெரியவர்தான் தாள் நிரப்புகிறார்.

ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட வலிமைகள், சிரமங்கள் வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 25 கூற்றுகள், ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஐந்து. உணர்ச்சிச் சிரமம், நடத்தைச் சிக்கல், மிகைச் செயல்பாடு, சகவயதினரோடு சிக்கல் ஆகிய நான்கையும் கூட்டினால் 0 முதல் 40 வரை மொத்தச் சிரம எண். பிறர்மேல் அக்கறை காட்டும் நடத்தைக்கான ஐந்தாவது பிரிவு இந்தக் கூட்டலில் சேராது. பதிவேட்டில் 50க்குக் கூட்டி வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். நிரப்புவது பெற்றோரோ ஆசிரியரோ. பெரிய பிள்ளைகளுக்குத் தாங்களே நிரப்பும் வடிவம் தனியாக உண்டு. இதைச் ‘சோதனை’ என்று அழைத்தால் ‘என் பிள்ளை எத்தனை மதிப்பெண்?’ என்ற கேள்விதான் முதலில் வரும், 28 வாங்கியவர் 9 வாங்கியவரைவிடக் கெட்டிக்காரர் ஆகிவிடுவார்.

‘முதல்’ எவ்வளவு முக்கியம் என்பதற்கு எம்-சாட் வினாத்தாளின் திருத்திய வடிவம் நல்ல எடுத்துக்காட்டு. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, ஆட்டிசம் சாத்தியத்தைப் பார்க்க, பெற்றோரிடம் 20 கேள்விகள். 0 முதல் 2 வந்தால் அத்தோடு சரி. இரண்டு வயதுக்குள் இருந்தால் பிறகு ஒருமுறை பார்க்கலாம். 3 முதல் 7 வந்தால் மேலே அனுப்புவதில்லை, அந்தக் கேள்விகளையே விரிவாகக் கேட்டு உரையாடுகிறார்கள். அதிலும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால்தான் முழு மதிப்பீடு. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக முழு மதிப்பீடு. நோட்டத்துக்குப் பின் மறுநோட்டம் என்ற அமைப்பு கருவிக்குள்ளேயே இருக்கிறது. வேலை மிகுந்த இடங்களில் நடுக்கட்ட உரையாடலை விட்டுவிட்டு 3 வந்தவரையெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். பெற்றோர் காரணமின்றிப் பதறுவதும் வல்லுநர் முன் வரிசை நீளுவதும் அதனால்தான்.

திருடன் பற்றிய தடையை நான் தள்ளவில்லை. ஆனால் அந்தப் பொருள் ‘விடு’ என்ற வினையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘முதல்’ சேர்ந்து ‘பார்’ வினையோடு வரும்போது மங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

*

எழுதியவர்: பொறியியல் தமிழ் ஆர்வலர்

வடிகட்டலைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இதோடு வரும் உறவுச் சொற்களையும் முடித்துவிடுங்கள். வரைவில் ‘ஆபத்தில் உள்ள குழந்தை’, ‘பொய் நேர்மறை’, ‘வெட்டுப்புள்ளி’ என்று இருக்கின்றன. வெட்டுப்புள்ளியைக் கேட்டாலே கழுத்து கூசுகிறது.

*

எழுதியவர்: சொல்லாய்வாளர்

வெட்டுப்புள்ளிக்கு ‘எல்லை எண்’. மதிப்பெண் என்ற சொல் வராமல் இருப்பது நல்லது.

‘பொய் நேர்மறை’ புள்ளியியல் நூலில் இருக்கட்டும். ஆசிரியர் கையேட்டில் ‘நேர்மறை’ நல்ல செய்தியாகவே படும். தேவை இல்லாதவர் பட்டியலில் ஏறியதற்கு ‘மிகைக்குறிப்பு’, தேவை உள்ளவர் ஏறாமல் போனதற்கு ‘விடுபாடு’ என்று வைத்துப் பார்க்கலாம். உளவியலாளர் அம்மாவின் கணக்கில் 72 மிகைக்குறிப்புகள், 4 விடுபாடுகள். வாசிப்பில் எல்லை எண்ணை ஏற்றினால் மிகைக்குறிப்பு கூடும், விடுபாடு குறையும், இறக்கினால் மறுதலை. வாக்கியத்தில் சொற்கள் தாமாக நிற்கின்றன.

‘ஆபத்தில் உள்ள குழந்தை’ என்றால் தண்ணீரில் விழுந்த குழந்தை. ‘மறுநோட்டத்துக்கு உரியவர்’ போதும். அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்கிறது, குழந்தையின் மேல் முத்திரை குத்தவில்லை.

*

எழுதியவர்: பள்ளி உளவியலாளர்

மூன்றுக்கும் உடன்படுகிறேன். ‘மறுநோட்டத்துக்கு உரியவர்’ அருகில் கையேட்டில் ஒரு குறிப்பு சேருங்கள்: ஒரு வகுப்பில் பாதிக்கு மேல் அப்படி வந்தால் தனித்தனியே மறுநோட்டம் பார்க்கப் போக வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது பாடம் நடக்கும் முறையை. முழு வகுப்புக்கும் சில வாரம் அந்தத் திறனில் தினமும் பயிற்சி கொடுத்து, பிறகு இன்னொருமுறை முதல்நோட்டம் பார்த்தால், அப்போதும் கீழே நிற்பவர்களே உண்மையான பட்டியல். இதைச் சொல்லாவிட்டால் 40 பேர் வகுப்பில் 25 பேருக்குத் தனிக் கோப்பு திறந்து வைத்துக்கொண்டு ஆசிரியர் திண்டாடுவார்.

*

எழுதியவர்: ஆசிரியர் பயிற்சியாளர்

கையேட்டுக்கு முதல்நோட்டம் சரி, எதிர்க்கவில்லை. பெற்றோர் கடிதத்தில் மட்டும் கலைச்சொல்லே வேண்டாம். ‘வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு நிமிடம் படித்துக் காட்டினார்கள். உங்கள் மகள் படித்ததை இன்னொருமுறை பொறுமையாகக் கேட்க விரும்புகிறோம். இதற்கு மதிப்பெண் கிடையாது’ என்று எழுதினால் போதும். ‘மகள்’, ‘மகன்’ இரண்டுக்கும் தனித்தனிப் படிவம் அச்சிடுங்கள்; சாய்கோடு போட்டு அடிக்கச் சொன்னால் யாரும் அடிப்பதில்லை.

*

எழுதியவர்: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. முதல்நோட்டம், பொது முதல்நோட்டம், மறுநோட்டம், எல்லை எண், மிகைக்குறிப்பு, விடுபாடு ஆகியவற்றை வரைவு முழுவதும் மாற்றுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘முதல்நோட்டம் என்னும் ஸ்க்ரீனிங்’ என்று இருக்கும். பெற்றோர் கடிதம் இரண்டு படிவமாக, கலைச்சொல் இல்லாமல்.

உளவியலாளர் அம்மா சொன்ன மூன்றாவது வேலை இன்னும் நிற்கிறது. வரைவில் ‘முன்னேற்றக் கண்காணிப்பு’ என்று இருக்கிறது. வாரம்தோறும் ஒரு புள்ளி வைத்து, இலக்குக் கோட்டோடு ஒப்பிட்டு, தொடர்ந்து 4 புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்றுவது அது. கண்காணிப்பு என்றதும் கேமராதான் நினைவுக்கு வருகிறது. மாற்றுச் சொற்களை இதே இழையில் போட வேண்டாம், தனி இழை தொடங்குகிறேன்.