ஃபோம் போர்டில் கல் பாவிய தெரு: கோடு பிய்கிறது, பலகை வளைகிறது – உதவி தேவை

தெருமுனை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 28 மி.மீ. மினியேச்சர்களை (குட்டிப் பொம்மை வீரர்களை) வைத்து மேசை விளையாட்டு ஆட, பழைய ஐரோப்பிய நகரம் ஒன்றின் தெருக்களைச் செய்துகொண்டிருக்கிறேன். மேசை நாலுக்கு நாலு அடி. எடுத்து அடுக்க வசதியாக, ஓரடிச் சதுரத்தில் 16 பலகைகள் என்று திட்டம். கடையில் விற்கும், கல் வடிவம் பதித்த டெக்ஸ்சர் ஷீட்டை இத்தனை பரப்புக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் 5 மி.மீ. ஃபோம் போர்டை (இரண்டு காகிதத்துக்கு நடுவே நுரை உள்ள அட்டை) எடுத்து, ஒரு பக்கத்துக் காகிதத்தை உரித்துவிட்டு, நுரையில் கல் வரிசைகளைக் கீறலாம் என்று இறங்கினேன்.

இப்போது மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கட்டரால் லேசாகக் கீறி, அந்தக் கீறலைப் பென்சிலால் அகலப்படுத்துகிறேன். நெட்டுக் கோடு நன்றாக வருகிறது. குறுக்குக் கோடு அதில் போய் முட்டும் இடத்தில் நுரை துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து, கல்லின் மூலையே காணாமல் போகிறது. அடுத்தது, வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் கலந்து பூசிக் காயவைத்தேன்; பலகையின் நான்கு மூலையும் மேலே தூக்கிக்கொண்டன. கடைசியாக, பெயிண்ட் அடித்த துண்டைத் தள்ளி நின்று பார்த்தால் குளியலறைத் தரை மாதிரி இருக்கிறது. கல் ஒவ்வொன்றும் 5 மி.மீ. சதுரம், நடுத்தரச் சாம்பல் நிறம், மேலே வெளிர் சாம்பலில் டிரை பிரஷ் (பெயிண்டைத் துடைத்தெடுத்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது).

கையில் ஃபோம் போர்டு, வெள்ளைப் பசை, அக்ரிலிக் பெயிண்ட், பழைய பிரஷ்கள், எழுதித் தீர்ந்த பேனாக்கள், இன்னும் திறக்காத பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரே கேன் ஒன்று இருக்கின்றன. புதிதாக வாங்குவதை முடிந்த அளவு குறைக்கப் பார்க்கிறேன்.

நுரைவெட்டி எழுதியது:

முதல் பிரச்சினைக்கு மட்டும் நான் சொல்கிறேன். 5 மி.மீ. போர்டில் இவ்வளவு சின்னக் கற்களுக்குக் கத்தியே வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலிஸ்டைரீன் நுரை. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த பிளாஸ்டிக். அழுத்தினால் அந்த அறைகள் நசுங்கி அப்படியே படிந்துவிடும், மறுபடி எழாது. வெட்டினால் அறைச் சுவர்கள் அறுந்து பிடிமானம் இல்லாமல் நிற்கும். அப்புறம் பென்சில் முனை அதில் உரசினால் துணுக்காகத்தான் வரும்.

மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை எடுங்கள். அதன் குண்டுமுனை நுரையைக் கிழிக்காது. பேனாவை நட்டமாகப் பிடிக்காமல் நன்றாகச் சாய்த்து, உங்கள் பக்கமாக இழுங்கள். முதல் இழுப்பில் தடம் மட்டும் விழட்டும், இரண்டாவதில் ஆழப்படுத்துங்கள். குறுக்குக் கோடுகளில்தான் கவனம் வேண்டும். மேல் கோட்டில் பேனாவை ஊன்றிக் கீழே பாதி தூரம் இழுங்கள். பிறகு பலகையைத் திருப்பி, கீழ்க் கோட்டில் ஊன்றி மீதிப் பாதியை இழுங்கள். முனை ஒரு பள்ளத்தை நோக்கிப் போய் முடிந்தால், அந்த விளிம்பில் நுரைக்குப் பின்பலம் இருக்காது, உடையும். பள்ளத்திலிருந்து தொடங்கினால் உடையாது.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. பழைய பிரஷ்ஷில் முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழலைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் முடியையும் பசையையும் குடைந்து எடுத்துவிட்டு, குறடால் மெல்ல நசுக்கி, வாயை 4க்கு 6 மி.மீ. நீள்சதுரமாக்குங்கள். அதை நுரையில் ஒரு மில்லிமீட்டர் ஆழம் அழுத்தி எடுத்தால் ஒரு கல் தயார். குழலின் விளிம்பு கல்லைச் சுற்றிப் பள்ளம் போடும். பள்ளத்தின் ஓரத்தில் நுரை உள்நோக்கி இழுபடுவதால் கல்லின் விளிம்பும் தானாக மழுங்கிக்கொள்ளும், பேனாவில் அந்த வளைவு அவ்வளவு லேசாக வராது. குழலின் மூலைகள் கொஞ்சம் கோணலாக நசுங்கியிருந்தால் இன்னும் நல்லது.

மட்டப்பலகை எழுதியது:

வளைவைப் பற்றி. வெள்ளைப் பசையில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கக்கூடும். அது வற்றும்போது பூச்சு சுருங்குகிறது. பசை நுரையை விடாமல் பிடித்திருப்பதால், மேல்பரப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. கீழ்ப்பக்கம் எதிர்த்து இழுக்க ஒன்றும் இல்லை, அதனால் மூலைகள் பூசிய பக்கமாக எழும்புகின்றன. ஒரு பக்கத்துக் காகிதத்தை உரித்தபோதே பலகையின் சமநிலை பாதி போய்விட்டது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் என்ன பூசுகிறீர்களோ அதையே பின்னாலும் பூசுங்கள். ஒரே தடித்த பூச்சு வேண்டாம், இரண்டு மெல்லிய பூச்சு போதும். இப்போது வளைந்து கிடப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கக் காகிதத்தில் அதே கலவையைப் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் வைத்து, மட்டமான பலகைக்கு நடுவே கனமாக ஏதாவது ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். பெரும்பாலும் நேராகிவிடும்.

அடிக்கடி எடுத்து வைக்கும் பலகைகள் என்பதால், அடியில் 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒட்டுவது நல்லது. அதற்காகத்தான் பின்பக்கக் காகிதத்தை உரிக்காமல் விடச் சொல்கிறேன்: காகிதமும் எம்டிஎஃப்பும் தண்ணீரை உறிஞ்சும், வெள்ளைப் பசை சீக்கிரம் பிடிக்கும். நுரையோடு நுரையை ஒட்டினால் நடுவில் மாட்டிய தண்ணீர் வெளியேற வழியின்றிப் பசை நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். எம்டிஎஃப்பின் அடிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் பூச்சு வேண்டும், அதுவும் ஈரத்துக்கு வளையும்.

ஸ்ப்ரே கேனைத் திறக்காமல் வைத்திருக்கிறீர்களே, மிக நல்லது. அதில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைத்துக் குழியாக்கிவிடும். மேலே பசை பூசியிருந்தாலும், பூச்சு எட்டாத ஒரு பள்ளமோ ஓரமோ இருந்தால் போதும், அங்கிருந்து தின்ன ஆரம்பிக்கும். சாதாரண சூப்பர் க்ளூவும் அப்படித்தான். பசை கலந்த கறுப்பு அக்ரிலிக்கே உங்களுக்குப் பிரைமர், வேறு தேவையில்லை.

சாம்பல்நிறம் எழுதியது:

மூன்றாவது பிரச்சினையைப் பெயிண்டால் மட்டும் தீர்க்க முடியாது. கல் அடுக்கிய விதத்திலேயே அது தொடங்குகிறது.

அளவில் குறை இல்லை. 28 மி.மீ. என்பதை ஏறத்தாழ 1:56 என்று வைத்துக்கொள்வது வழக்கம். நிஜத்தில் 10 செ.மீ. கல் இந்தக் கணக்கில் 1.8 மி.மீ. தான் வரும். அப்படிச் செய்தால் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவருக்குச் சொரசொரப்பு தெரியுமே தவிர, கல் தெரியாது. மினியேச்சர்களுக்கே தலையும் கையும் பெரிதாகத்தான் செதுக்குகிறார்கள். அவற்றின் காலடியில் 4, 5 மி.மீ. கல் பொருத்தமாகவே இருக்கும்.

சதுரம்தான் கெடுக்கிறது. எல்லாக் கல்லும் ஒரே அளவு, நாலு மூலையும் ஒரே புள்ளியில் சந்திப்பு, முகம் வழவழப்பு: கண் அதை டைல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். செதுக்கிய கல்லைத் தெருவின் குறுக்காக வரிசை வரிசையாகப் பாவுவார்கள். இணைப்பு வண்டி போகும் திசையில் நீளமாக ஓடினால் சக்கரம் அதிலேயே தடம் பிடிக்கும்; குறுக்காக இருந்தால் குதிரையின் குளம்புக்கும் பிடி கிடைக்கும். ஆக, வரிசைக் கோடுகளை மட்டும் தெருவுக்குக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் அளவுகோல் இல்லாமல் வெறும் கையால். அப்புறம் ஒவ்வொரு வரிசையிலும் குறுக்கிணைப்பு பக்கத்து வரிசையின் கல்லுக்கு நடுவில் விழுகிற மாதிரி தள்ளித் தள்ளிப் போடுங்கள். நீளம் 4 முதல் 7 மி.மீ. வரை மாறட்டும்.

கோடு போடுவதற்கு முன்பே அலுமினிய ஃபாயிலைக் கசக்கி உருட்டி, நுரை மேல் அழுத்தி உருட்டுங்கள். கல்லின் முகத்துக்குச் சொரசொரப்பு அதில் வந்துவிடும். கோடு போட்ட பிறகு என்றால் மிக லேசாகத்தான் உருட்ட வேண்டும், இல்லையென்றால் பள்ளம் மூடிக்கொள்ளும். அங்கங்கே ஓரிரண்டு கற்களைப் பென்சிலின் பின்முனையால் அரை மில்லிமீட்டர் கீழே அமுக்குங்கள். தெருவின் நடுவிலோ ஓரத்திலோ தண்ணீர் ஓடத் தாழ்வான வாய்க்கால் ஒன்றை ஓடவிடுங்கள். இவ்வளவும் பெயிண்டைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

பெயிண்டில்: கறுப்பு அடிப்பூச்சுக்கு மேல் பழுப்பு கலந்த அடர் சாம்பலை ஈரம் குறைந்த பெரிய பிரஷ்ஷால், பள்ளத்துக்குள் இறங்காமல் தேயுங்கள். பிறகு கற்களில் சிலவற்றைத் தனித்தனியாகத் தொட்டு எடுங்கள்: ஒன்று நீலம் கலந்த சாம்பல், ஒன்று மண்பழுப்பு, ஒன்று லேசான பச்சை. பக்கத்துப் பக்கத்துக் கல் ஒரே நிறத்தில் விழ வேண்டாம். அந்த நேரத்தில் பார்க்க அலங்கோலமாக இருக்கும், பயப்படாதீர்கள். மேலே தண்ணீராகக் கரைத்த அடர்பழுப்பு வாஷ் ஓடியதும் எல்லா நிறமும் ஒன்றுக்கொன்று இறங்கி வரும். வாஷ் நன்றாகக் காய்ந்த பிறகு வெளிர் சாம்பலில் கடைசி டிரை பிரஷ். பிரஷ்ஷில் பெயிண்ட் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கோட்டைவாசல் எழுதியது:

பிரஷ் குழல் யோசனை அருமைதான். ஆனால் பரப்பைக் கணக்குப் பாருங்கள். 4க்கு 6 மி.மீ. கல் என்றால் ஓரடிச் சதுரத்தில் ஏறத்தாழ 3,900 கற்கள். 16 பலகைக்கு அறுபதாயிரத்தைத் தாண்டும். கை ஓய்ந்துவிடும்.

குழலால் 5, 6 செ.மீ. அகலத்தில் ஒரே ஒரு துண்டை மட்டும் மனசு வைத்து அழகாகச் செய்யுங்கள். அதிலிருந்து அச்சு எடுங்கள். துண்டின் மேல் பவுடரைத் தடவி ஊதிவிட்டு, இரண்டு பகுதி சேர்த்துப் பிசையும் எபாக்சி புட்டியை ஒரு செ.மீ. கனத்துக்கு அமுக்கி, அது இறுகும்வரை அப்படியே விடுங்கள். பிசையும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எடுத்துப் பார்த்தால் பள்ளங்கள் எல்லாம் அச்சில் வரப்பாக எழுந்திருக்கும். அந்த அச்சை உரித்த ஃபோம் போர்டில் அழுத்தினால் ஒரே அமுக்கில் நூறு கல்லாவது விழும்.

அச்சின் ஓரத்தை நேராக வெட்டாதீர்கள். கல்லின் ஓரத்தை ஒட்டிப் பல் பல்லாக விடுங்கள், அடுத்த அழுத்தம் அதில் கோத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அச்சை அரை வட்டம் திருப்பினால் ஒரே கல் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படாது. கால் வட்டம் மட்டும் திருப்பக்கூடாது, வரிசைத் திசை மாறிவிடும். பாலிமர் களிமண்ணிலும் செய்யலாம், ஆனால் அதை ஓவனில் சுடும் முன் நுரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்தச் சூட்டில் பாலிஸ்டைரீன் தாங்காது.

இன்னொன்று: வீடுகள் நிற்கப்போகும் இடத்தில் எதற்குக் கல்? அதைக் கழித்தாலே வேலை பாதியாகும்.

காகிதக்கூழ் எழுதியது:

நடைபாதைக்கு மட்டும் ஒரு யோசனை. முட்டை அடுக்கி வரும் கூழ் அட்டையின் தட்டையான மூடியைப் பெரிய நீள்சதுரங்களாக வெட்டி ஒட்டினால் அருமையான பலகைக்கல். அதன் சொரசொரப்பைக் கையால் கொண்டுவர முடியாது. தெரு முழுவதுக்கும் இது சரிப்படாது, ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஒட்டியபின் நீர்த்த வெள்ளைப் பசை ஒரு பூச்சு கொடுங்கள், இல்லையென்றால் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

தெருமுனை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பள்ளத்திலிருந்து தொடங்கி இழுத்ததும் மூலை பிய்வது நின்றேவிட்டது. பின்பக்கம் பூசி, பாரம் ஏற்றிய பலகை நேராக வந்துவிட்டது. அச்சும் எடுத்தேன். கறுப்புப் பூச்சு காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் பார்த்தேன், கல் ஒவ்வொன்றுக்கும் தனி நிழல்! பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மீதி இரண்டு சந்தேகம். அச்சும் அச்சும் சேரும் இடத்தில் சில கற்கள் பாதியாகவும், சில இடத்தில் பள்ளம் இல்லாமலும் நிற்கின்றன. அப்புறம் 25 மி.மீ. அடித்தட்டு உள்ள மினியேச்சர் சில இடங்களில் ஆடுகிறது.

நுரைவெட்டி எழுதியது:

சேருமிடத்தைப் பேனாவால் கோத்துவிடுங்கள். பாதிக் கல் இரண்டு பக்கத்தில் இருந்தால் நடுப்பள்ளத்தைத் தேடாமல், பக்கத்தில் இன்னொரு கோடு போட்டுச் சின்னக் கல்லாக்கிவிடுங்கள். நிஜத் தெருவிலும் அளவு போதாத இடத்தில் துண்டுக்கல் வைத்துத்தான் அடைத்திருப்பார்கள். வேண்டாத பள்ளத்தை வெள்ளைப் பசையில் நைசான மணல் குழைத்து நிரப்பினால் சேறு படிந்த இடமாகிவிடும்.

மட்டப்பலகை எழுதியது:

மினியேச்சர் ஆடுவதற்கு: 25 மி.மீ. தட்டு ஏறத்தாழ இருபது கல் மேல் நிற்கும். அதில் ஒன்று மட்டும் துருத்தினாலே ஆடும். பெயிண்டுக்கு முன் என்றால், மட்டமான மரத்துண்டைக் கல் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரே சீராக அமுக்கிக்கொண்டே போங்கள், துருத்தும் கல் மட்டும் இறங்கும். கறுப்புப் பூச்சு போட்டுவிட்ட பலகையில் 220 எண் உப்புத்தாளை மரத்துண்டில் சுற்றி லேசாகத் தேயுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசி மூச்சில் போகக்கூடாது. தேய்த்த இடத்தில் வெள்ளை நுரை தெரிந்தால் அங்கே மட்டும் மறுபடி பசைப் பூச்சைத் தொட்டுவிட்டுப் பெயிண்டுக்குப் போங்கள். வாய்க்கால் ஓடும் பலகைகளில் மரத்துண்டு வாய்க்கால் மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஓரக் கல் சரிந்துவிடும்.