நேவிகபிலிட்டி: ‘வழிசெலுத்தல் எளிமை’ சரியா?

> யூசபிலிட்டிக்குப் ‘பயன்பாட்டு எளிமை’ என்று முடிவாகிவிட்டது. நேவிகபிலிட்டிக்கும் ‘வழிசெலுத்தல் எளிமை’ என்று வைத்துக்கொண்டு மேலே போகலாமே?

வணக்கம். இணையதளங்களை மதிப்பிடும்போது வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம். யூசபிலிட்டி என்பது தளத்தைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்பது; நேவிகபிலிட்டி என்பது அதற்குள் வேண்டிய பக்கத்துக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு எளிது என்பது. முதல் சொல்லில் எனக்குத் தகராறு இல்லை. இரண்டாவதுதான் உறுத்துகிறது. செலுத்துதல் பிறவினை. மாலுமி கப்பலைச் செலுத்துகிறார். கடலுக்கு அது பொருந்தும். இணையதளத்தில் யார் யாரைச் செலுத்துகிறார்கள்? பயனர் தானாகத்தான் தேடிப் போகிறார். போகிறவருக்கு வழி புலப்படுகிறதா என்பதைத்தான் நாம் மதிப்பிடுகிறோம்.

தளத்தில் பயனர் எவ்வளவு வழிதவறுகிறார் என்று கணக்கிட லாஸ்ட்னஸ் என்று ஓர் அளவு உண்டு, 1996-இல் வந்தது. 3 பக்கங்களில் முடிய வேண்டிய ஒரு வேலைக்குப் பயனர் 9 முறை பக்கம் திறக்கிறார், அவற்றில் வெவ்வேறு பக்கங்கள் 6 என்று வையுங்கள். சூத்திரத்தில் போட்டால் ஏறத்தாழ 0.6 வரும். 0.4-க்குக் கீழே இருந்தால் தடுமாற்றம் இல்லை, 0.5-ஐத் தாண்டினால் ஆள் வழிதவறிவிட்டார் என்று கொள்வார்கள். கவனியுங்கள், தடுமாறுவது பயனர். திருத்த வேண்டியது தளம். அதனால் ஒரே சொல்லை இரண்டுக்கும் மாட்டினால் குழப்பம்தான். பயனர் செய்வது ‘வழிகாணல்’, தளத்துக்கு இருக்க வேண்டியது ‘வழித்தெளிவு’ என்று பிரித்துக்கொள்ளலாம். “இந்தத் தளத்தில் வழித்தெளிவு போதாது” என்று அறிக்கையில் எழுதிப் பாருங்கள், இயல்பாக உட்காருகிறது. லாஸ்ட்னஸுக்குத் ‘தடுமாற்ற அளவு’ போதும்.

> ட்ரீ டெஸ்டிங்குக்கு ‘மரச் சோதனை’?

வேண்டாமே, தச்சுப் பட்டறை ஞாபகம் வருகிறது! பக்க வடிவமைப்பு எதையும் காட்டாமல் தலைப்புகளையும் உட்தலைப்புகளையும் மட்டும் கொடுத்து, “இதை எங்கே தேடுவீர்கள்?” என்று கேட்கும் சோதனை அது. ‘கிளைச் சோதனை’ என்றால் சரி.

அப்புறம், பிரெட்கிரம்ப், அதாவது பக்கத்தின் மேலே வரும் சிறு இணைப்பு வரிசை. ‘வந்த வழி’ என்று முன்பு நானே எழுதியிருக்கிறேன், தப்பு. தேடுபொறியிலிருந்து நேராக உள்பக்கத்தில் வந்து விழுந்தவருக்கும் ‘முகப்பு › சேவைகள் › விண்ணப்பம்’ என்றே அது காட்டும். அவர் முகப்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அது சொல்வது நிற்கும் இடத்தை. ‘இடங்காட்டி’ என்று வைக்க ஆசைதான், ஆனால் அதைக் கர்சருக்குக் கொடுத்துவிட்டோம். இப்போதைக்குப் ‘படிநிலைத் தடம்’ என்று எழுதி வருகிறேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.