சொந்த மைதானத்தில் நாம் ஏன் விருந்தாளிகளைப் போல ஆடினோம்?

பெரம்பூர் நீலச்சட்டை:

அனைவருக்கும் வணக்கம். 2024-25 ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரின் இறுதி ஆட்டமும் முடிந்துவிட்ட நிலையில், நம் சென்னையின் எஃப்சி இந்தப் பருவத்தில் ஆடிய ஆட்டங்களை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். 24 ஆட்டங்களில் 7 வெற்றி, 6 சமன், 11 தோல்வி, மொத்தம் 27 புள்ளிகள், 13 அணிகளில் 11ஆம் இடம். எனக்குக் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன்.

நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுபதுகளில், இன்றைய நேரு ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தபோது, அப்பாவின் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து லீக் ஆட்டங்களைப் பார்க்கப் போயிருக்கிறேன். அப்போது ஐ.சி.எஃப். அணி தோற்றால் அன்று இரவு எங்கள் குடியிருப்பில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். 2014இல் சென்னையின் எஃப்சி வந்தபோது, இனி இதுதான் நம் அணி என்று அந்தப் பழைய பற்றை அப்படியே இதன்மேல் வைத்துவிட்டேன். பதினொரு பருவங்களாக, உடம்பு முடியாத ஒன்றிரண்டு நாள்களைத் தவிர, நேரு ஸ்டேடியத்தில் நடந்த ஆட்டங்களை நான் விட்டதில்லை.

இனிக் கேள்வி. இந்தப் பருவத்தின் முதல் மூன்று வெற்றிகளும் வெளியூரில் கிடைத்தவை. ஒடிசாவை அவர்கள் ஊரில் 3-2 என்றும், நார்த்ஈஸ்ட்டை அவர்கள் ஊரில் 3-2 என்றும், ஜம்ஷெட்பூரை அவர்கள் ஊரில் 5-1 என்றும் வென்ற அதே அணி, செப்டம்பர் 26 அன்று, அப்போதுதான் முதன்முதலாக ஐஎஸ்எல்லுக்குள் வந்திருந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கிடம் நம் மைதானத்தில் 0-1 என்று தோற்றது. ஹைதராபாத்தை 1-0 என்று வென்று சொந்த மண்ணில் முதல் வெற்றியைப் பார்க்க நமக்கு டிசம்பர் 11 வரை ஆயிற்று. ஜனவரி 30 அன்று கேரளா பிளாஸ்டர்ஸ் வந்தபோது மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கினோம், இடைவேளைக்கு முன்பே வில்மர் ஜோர்டான் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார், முடிவு 1-3. அன்று எங்களுக்கு எதிரே மஞ்சள் சட்டைக்காரர்கள் பாடியதைக் கேட்டபோது, யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்றே எனக்குக் குழம்பிவிட்டது.

என் பேத்திக்கு எட்டு வயது. அன்று அவளையும் அழைத்துப் போயிருந்தேன். ஆட்டம் முழுவதும் அவள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி, "தாத்தா, இப்ப பந்து யார்கிட்ட இருக்கு?" என்பதுதான். நமக்கும் புல்தரைக்கும் நடுவே தடகள ஓடுதளம் இருக்கிறது. அதைத் தாண்டிச் சட்டை எண்ணைப் படிக்க என் கண்ணாடிக்கும் முடியவில்லை, அவளுடைய கண்ணுக்கும் முடியவில்லை. நாம் கத்துவது அந்த ஓடுதளத்தைத் தாண்டி ஆட்டக்காரர்களின் காதில் விழுகிறதா என்பதே எனக்குச் சந்தேகம். நம் அணி சொந்த ஊரில் திணறியதற்கு மைதானம் காரணமா, குறைந்துபோன கூட்டம் காரணமா, ஆட்டமுறை காரணமா, அல்லது நான் கவனிக்கத் தவறிய வேறு ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மேற்கு கேலரி:

ஐயா, வணக்கம். ஓடுதளத்தின்மேல் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2018 மார்ச் 13 அன்று இதே மைதானத்தில், இதே ஓடுதளத்துக்கு நடுவில்தான், அரையிறுதியின் இரண்டாம் சுற்றில் கோவாவை 3-0 என்று வென்று இறுதிக்குப் போனோம். அன்று அந்தச் சத்தம் புல்தரையை எட்டவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

காரணம் ஆட்டமுறைதான் என்று நான் நினைக்கிறேன். இந்தப் பருவத்தில் நம் பயிற்சியாளராக இருந்த ஓவன் காயில் முன்னேறிப் போய் நெருக்கி, பந்தைப் பறித்தவுடன் வேகமாகத் தாக்கும் ஆட்டத்தை விரும்புகிறவர். 2019-20 பருவத்தின் நடுவில் அவர் பொறுப்பேற்று, அடிமட்டத்தில் கிடந்த அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனது இதே ஆட்டத்தால்தான். வெளியூரில் எதிரணி தன் ரசிகர்கள் முன்னால் ஏறி ஆட வருவதால், அவர்களுடைய தடுப்புக்குப் பின்னால் நமக்கு இடம் கிடைக்கிறது; கானர் ஷீல்ட்ஸும் ஃபரூக் சவுத்ரியும் அந்த இடத்துக்குள் ஓடுகிறார்கள். சென்னைக்கு வருகிற அணிகளோ பின்னால் கூடி நின்று நம்மை ஏற விட்டுவிட்டு, ஒரே ஒரு நீளமான பாஸில் நம் தடுப்பைத் தாண்டிவிடுகின்றன. முகமதன் ஆட்டத்தை மறுபடி பாருங்கள், இது புரியும்.

ஆனால் பருவத்தை உண்மையில் கெடுத்தது சொந்த மைதானம் அன்று, ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்கள்தான் என்பேன். ஜனவரியில் ஒடிசாவோடு 2-0 என்று முன்னணியில் இருந்து 2-2 என்று விட்டோம். அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தாவில் முகமதனோடு அதே 2-0. கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் வாங்கி மறுபடியும் 2-2. பட்டியலில் கேரளா 29, ஈஸ்ட் பெங்கால் 28, பஞ்சாப் 28, நாம் 27 என்று நின்றதைப் பார்த்தால், அந்த நான்கு புள்ளிகள் கிடைத்திருந்தால் 31 பெற்று எட்டாம் இடத்துக்குப் போயிருப்போம். பிளே-ஆஃப்புக்குக் கடைசியாகத் தகுதி பெற்ற மும்பை 36 புள்ளிகள் எடுத்ததால் அப்போதும் அது நமக்குக் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம். லீக் பட்டியலில் முதலிடம் பிடித்து, அதற்கான கேடயத்தைத் தன் ஊரில் வென்ற மோகன் பகானைக்கூட நம் மைதானத்தில் 0-0 என்று நிறுத்தியிருக்கிறோம். அதனால் "சொந்த மைதானத்தில் ஆடத் தெரியாத அணி" என்று நம்மைச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

வேளச்சேரி மாலா:

எனக்கு ஆட்டமுறை பற்றி அதிகம் தெரியாது; ஆனால் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியும். வார நாளில் இரவு 7.30 மணிக்கு ஆட்டம் என்றால், அலுவலகத்திலிருந்து நேராக வந்தாலும் முதல் பத்து நிமிடங்களைத் தவறவிடுகிறேன். திரும்பி வீடு போய்ச் சேரப் பதினொன்று ஆகிறது. 2014இலும் 2015இலும் எலானோ, மாட்டராட்ஸி போன்ற வெளிநாட்டு நட்சத்திரங்களுக்காகவும், பாதி பேர் அணியின் உரிமையாளர்களான அபிஷேக் பச்சனையும் தோனியையும் பார்க்கலாம் என்பதற்காகவும் வந்தார்கள். அந்தக் கூட்டம் போய்விட்டது, மிஞ்சியிருப்பது நாம்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

வேறு ஒன்று எனக்குத் தோன்றுகிறது. யோசித்துப் பார்த்தால் இந்த அணியின் பெரிய நாள்கள் ஏறக்குறைய எல்லாமே சென்னைக்கு வெளியே நடந்தவை. 2015 வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்தபோது, நம் "சொந்த மைதான" அரையிறுதியைப் புனேயில் வைத்தார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றோம். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மொட்டை மாடியில் ஈரப் பாயைக் காயப்போட்டுவிட்டு, கைப்பேசியில் மிச்சமிருந்த சார்ஜில் ஸ்கோர் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்த டிசம்பரில் கோப்பையை வென்றது கோவாவின் ஃபதோர்டாவில்: 87ஆவது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கி, அதன் பிறகு கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சொந்தக் கோல், மென்டோசாவின் கோல், 3-2. இரண்டாவது கோப்பை 2018இல் பெங்களூரு கண்டீரவாவில். 2020 இறுதி ஆட்டம் கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில். அடுத்த இரண்டு பருவங்கள் முழுக்க கோவாவில். ஐயா கேட்ட கேள்விக்கு இது நேரான விடையில்லை என்று தெரியும். ஆனால் ஒரு மைதானம் வீடாக மாற அங்கே சில நல்ல நாள்கள் நடந்திருக்க வேண்டும் அல்லவா? நமக்கு அவை குறைவு.

வியாசர்பாடி பயிற்சியாளர்:

நான் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் காலையில் பயிற்சி கொடுப்பவன். மேற்கு கேலரி அண்ணன் 2018 மார்ச் 13ஐக் குறிப்பிட்டார். அந்த மூன்று கோல்களில் இரண்டு ஜெஜே அடித்தவை, ஒன்றை அடித்தது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். அதை அடித்தவர் தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். முதல் கோல் விழுந்து சில நிமிடங்களிலேயே அவர் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அன்று எங்கள் தெருவில் வெடித்த பட்டாசு தீபாவளிக்குக்கூட வெடித்ததில்லை. மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து, இருந்த நான்கு பந்துகளை எப்படிப் பங்கிடுவது என்று நான் திணறினேன்.

பிறகு காயங்கள் அவரை முடக்கிவிட்டன. எட்வின் சிட்னி வான்ஸ்பால் போல ஓரிருவர் வந்தார்கள். நந்தகுமார் நம் ஊர்தான். ஆனால் அவர் 2023 டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த வெற்றிக் கோலுக்குக் குதித்தது ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018-19இல் நம் அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் கிடந்தபோது, சென்னை சிட்டி என்று பெயர் வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஆடிய அணி இன்னொரு தேசியத் தொடரான ஐ-லீக்கை வென்றது. அதில் தமிழ்நாட்டுப் பையன்கள் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த ஆட்டங்களைத்தான் பார்த்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும்தான்.

ஐயா, நீங்கள் கேட்டதற்கு என் விடை இது: உங்கள் அப்பாவின் காலத்தில் ஐ.சி.எஃப். தோற்றால் குடியிருப்பு அமைதியாகிவிடும் என்றீர்களே, அதற்குக் காரணம் தோற்றவர்கள் அடுத்த வீட்டில் இருந்தார்கள் என்பதுதான்.

மேற்கு கேலரி:

தம்பி, கணேஷின் பெயரை நான் விட்டது தவறுதான். ஆனால் உள்ளூர்க்காரர் என்பதற்காகவே பதினொருவரில் இடம் கொடுத்தால் நாம் 11ஆம் இடத்திலிருந்து 13ஆம் இடத்துக்குத்தான் போவோம். 2018இல் கணேஷ் ஆடியது வியாசர்பாடிக்காரர் என்பதால் அன்று. அந்த அணியின் நடுக்களத்தில் அவர் இடத்தை வேறு யாராலும் நிரப்ப முடியவில்லை என்பதால்.

வியாசர்பாடி பயிற்சியாளர்:

நானும் அதைத்தான் சொல்கிறேன், அண்ணா. அவர் அந்தத் தகுதிக்கு வரும்வரை ஆட இடமும், பந்தும், பார்த்து எடுத்துப் போக ஆளும் இருந்தன. என்னிடம் இப்போது பதினான்கு வயதில் இடது காலில் ஆடும் ஒரு பையன் இருக்கிறான். கார்னர் கொடியின் பக்கத்திலிருந்து அவன் வளைத்துப் போடும் கிராஸைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இந்தப் பருவத்தில் அவன் நேரு ஸ்டேடியத்துக்கு ஒரே ஒரு முறைதான் போனான். அதுவும் ஜம்ஷெட்பூருக்கு எதிரான கடைசி ஆட்டத்துக்கு, நான் டிக்கெட் வாங்கிக் கொடுத்ததால்.

பெரம்பூர் நீலச்சட்டை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கடைசி நிமிடக் கோல்கள் பற்றிய கணக்கை ஒப்புக்கொள்கிறேன். முகமதனோடு 2-2 ஆன இரவில் தொலைக்காட்சியை அணைத்தது நான்தான், வீட்டில் இருந்தவர்கள் அணைக்கவில்லை. மாலா அம்மா சொன்னது எனக்கு இதுவரை தோன்றாத ஒன்று. 2018 கோப்பையை அணி கையில் ஏந்தியபோதுகூட நான் பெங்களூருக்குப் போகவில்லை, பெரம்பூரில் தொலைக்காட்சி முன்தான் இருந்தேன்.

ஜம்ஷெட்பூருக்கு எதிரான அந்த மார்ச் ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். 5-2. பிளே-ஆஃப் கனவெல்லாம் முடிந்தபிறகு வந்த வெற்றி என்பதால் பலர் வரவில்லை; நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஆனால் இருந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள். ஆட்டம் முடிந்து சென்ட்ரலுக்கு நடந்தபோது, மூர் மார்க்கெட் பக்கத்து நடைமேடையில் நீலச் சட்டை போட்ட நான்கைந்து பையன்கள் நசுங்கிய காகிதக் கோப்பையை உதைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் இடது காலால்தான் உதைத்தான். வியாசர்பாடி ஜீவாவில் அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். தம்பி, அது உங்கள் பிள்ளையாக இருந்திருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பயிற்சி உண்டா? உண்டென்றால் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். பேத்தியை அழைத்துக்கொண்டு வருகிறேன். மேற்கு கேலரி அன்பரும் வந்தால் அந்தக் கிராஸை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

வியாசர்பாடி பயிற்சியாளர்:

உண்டு, ஐயா. ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்துவிடுவோம். அதற்கு மேல் வெயில் தாங்காது. அன்று ஜம்ஷெட்பூர் ஆட்டத்துக்கு அவனோடு மூன்று பேரை அனுப்பியிருந்தேன்.