மாவு பிசையும் பிள்ளைகள்: உங்கள் வீட்டில் எது எடுபட்டது?

எல்கேஜி அம்மா, சேலம்:

என் மகள் எழுதினால் கோடு கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு லேசாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கை வலிக்குது என்று பென்சிலை வைத்துவிடுவாள். தினமும் கூடுதலாக இரண்டு பக்கம் எழுத வையுங்கள் என்றார்கள் பள்ளியில். எனக்கு அது சரியாகப் படவில்லை, வலிக்கிற கையை இன்னும் எழுத வைத்து என்ன ஆகப்போகிறது? தெரிந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது, பிடிப்பது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்) ஒருவர்தான், நோட்டை மூடி வைத்துவிட்டு மாவைக் கொடுங்கள், உள்ளங்கையிலும் விரலிலும் இருக்கிற சின்னத் தசைகளுக்கு வலு வந்தால் பென்சில் பிடி தானாகச் சரியாகும் என்றார்.

கடையில் வாங்கிய பிளே டோ (விளையாட்டு மாவு) செட் வீட்டில் இருந்தது, கூடவே நட்சத்திரம், மீன், பூ என்று ஒரு கூடை அச்சு. அதை வைத்து அவள் விளையாடுவதைக் கவனித்துப் பார்த்தால், அச்சை ஒரு அமுக்கு அமுக்குகிறாள், மீன் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். வேலையெல்லாம் அச்சு செய்கிறது, விரலுக்கு ஒன்றுமே இல்லை. அச்சையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு வெறும் மாவை மட்டும் கொடுத்தேன்.

மாவு வீட்டிலேயே பிசைந்ததுதான். இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் பொடி உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்திக்குப் பிசைவதைவிடச் சற்றுக் கெட்டியாக. நிறத்துக்கு மஞ்சள்தூள் (துணியில் பட்டால் போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்) அல்லது பீட்ரூட் சாறு. உப்பு நிறைய இருப்பதால் சீக்கிரம் கெடாது, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் ஓடியது சீடைக் கடைதான். பெரிய உருண்டையிலிருந்து துளி மாவைக் கிள்ளி எடுக்க வேண்டும், உள்ளங்கையில் வைத்து உருட்டக் கூடாது, பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால் மட்டுமே உருட்ட வேண்டும். பென்சிலைப் பிடிக்கிறதும் அதே மூன்று விரல்தானே. முதலில் உருண்டை வரவே இல்லை, ஒரு பக்கம் சப்பையாகி விரலிலேயே ஒட்டிக்கொண்டது, கோபத்தில் தட்டில் தேய்த்துவிட்டாள். அப்புறம் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, சுண்டு விரலைத் தனியாகத் தூக்கிக்கொண்டு, கடுகு கடுகாக உருட்டித் தாத்தாவிடம் விற்க ஆரம்பித்தாள். தாத்தா சில்லறை இல்லை என்றால் கடன் கிடையாது. இப்போது கோடு அழுத்தமாக விழுகிறது, பக்கத்தின் பாதியில் பென்சிலைப் போடுவதும் குறைந்திருக்கிறது. உங்கள் வீட்டில் எது எடுபட்டது, சொல்லுங்களேன்.

இரட்டையர் அப்பா:

எங்களுக்குக் கத்தரிக்கோல்தான் பிரச்சினையாக இருந்தது. காகிதத்தைக் கொடுத்தால் மடங்கிக்கொள்ளும், வெட்டாது, அழுகை. மாவைப் பாம்பு மாதிரி நீளமாக உருட்டி அதை வெட்டச் சொன்னோம். அது மடங்காமல் நிற்கிறது, ஒரு முறை மூடித் திறந்தால் ஒரு துண்டு விழுகிறது, அந்தத் துண்டு விழுவதைப் பார்க்கவே வெட்டிக்கொண்டிருப்பார்கள். பிளாஸ்டிக் கத்தரிக்கோலே போதும். இரண்டு பேரில் ஒருவன் இடது கைக்காரன், சாதாரணக் கத்தரிக்கோலின் அலகு வலது கைக்கு ஏற்ற மாதிரி அமைந்திருக்கும் என்பதால் அவனுக்குத் தனியாக இடது கைக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்தேன், அன்றோடு அழுகை நின்றது.

முறுக்கு அச்சையும் கொடுத்துப் பாருங்கள், மாவைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு. இரண்டு கையும் சேர்ந்து அமுக்க வேண்டும், தோள் வரைக்கும் வேலை. அச்சுகளைப் பரணில் போட்ட சேலம் அக்கா இந்த ஒரு அச்சுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம்.

ஒரு உபரித் தகவல்: பிளே டோவே பொம்மையாகப் பிறக்கவில்லை. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துச் சோப்புக் கம்பெனி ஒன்று, சுவரில் ஒட்டிய காகிதத்தில் படியும் கரியைத் துடைக்க விற்ற மாவு அது. அதை ஒரு நர்சரி டீச்சர் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் 1956-இல் விளையாட்டுச் சாமானாகக் கடைக்கு வந்தது.

பேரன் பாட்டி, காரைக்குடி:

எதற்கெடுத்தாலும் ஒரு செட் வாங்குகிறீர்கள், அப்புறம் அதற்கென்று தனியாக மாவு பிசைந்து அதில் ஒரு டம்ளர் உப்பைக் கொட்டிக் குப்பையில் போடுகிறீர்கள். சப்பாத்தி போடுகிற அன்றைக்குப் பிள்ளைக்கு ஒரு உருண்டை கிள்ளிக் கொடுத்தால் தீர்ந்தது. கைச்சுத்தம் மட்டும் முக்கியம்.

பிள்ளையார் சதுர்த்திக்கு நான் பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். கொழுக்கட்டைச் சொப்பு செய்வது பெரியவர்களுக்கே சுலபமில்லை, அரிசி மாவு மைதா மாதிரி இழுபடாது, கொஞ்சம் அவசரப்பட்டால் ஓரம் விண்டுவிடும். விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, பெருவிரலை நடுவில் வைத்து மற்ற விரலால் சுற்றிச் சுற்றி மெலிதாக்க வேண்டும். அவனுக்கு அது வராது என்று தெரியும், அதனால் மிஞ்சுகிற மாவை அம்மிணிக் கொழுக்கட்டைக்குக் கொடுப்பேன். குட்டிக் குட்டியாக உருட்டுவான், ஒன்று நெல்லிக்காய், ஒன்று மிளகு. அத்தனையும் வேக வைத்துக் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொடுத்தால் தான் செய்தது எது என்று தேடித் தேடித் தின்பான்.

பால்வாடி டீச்சர்:

ஆச்சி சொல்வது நல்ல வழி, தின்கிற மாவு என்பதால் பயமும் குறைவு. உப்பு மாவில் விளையாடும்போது பக்கத்தில் ஆள் இருக்கணும், நிறைய வாயில் போட்டால் அந்த உப்பு குழந்தைக்கு ஆகாது, வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் ஆபத்து. கையில் கீறல் இருந்தால் எரியும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மைதாவும் கூடாது, அரிசி மாவுதான்.

நான் மாவுக்குள் புளியங்கொட்டையை ஒளித்து வைத்துத் தோண்டி எடுக்கச் சொல்வேன், நல்ல வேலை, ஆனால் மூன்று வயசுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், வாய்க்குள் போய்விடும். சின்னவர்களுக்குத் தட்டுவது, குத்துவது, பிய்ப்பது இதுவே போதும்.

எழுத்துக்கு வந்தால் உருட்டிய பாம்பை வளைத்து ட, ப இரண்டையும் முதலில் செய்ய வைப்பேன், நேர்க்கோடும் மூலையும்தான். அ, இ எல்லாம் சுழிக்கணும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

சில பிள்ளைகளுக்குப் பிசுபிசுப்பே பிடிக்காது, தொட்டதும் கையை உதறும். வற்புறுத்தாதீர்கள். ஜிப் கவரில் மாவைப் போட்டு வெளியிலிருந்து அமுக்கச் சொல்லுங்கள், பிறகு குச்சியால் குத்தட்டும், தொடுவது மெதுவாக வரும். இன்னொன்று, பிள்ளை செய்ததை வாங்கித் திருத்தாதீர்கள், நீங்கள் உங்களுக்கென்று ஒரு உருண்டை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், பிள்ளை அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும்.

எல்கேஜி அம்மா, சேலம்:

ஆச்சி, இந்தச் சதுர்த்திக்கு அம்மிணிக் கொழுக்கட்டைதான், முடிவாகிவிட்டது. டீச்சர், ஒரு சந்தேகம், இங்கே மழை பிடித்ததிலிருந்து டப்பாவில் இருக்கிற மாவு பிசுபிசுவென்று ஆகிவிட்டது, தூக்கிப் போட்டுவிடவா?

பால்வாடி டீச்சர்:

வாடை வந்தாலோ பூஞ்சை தெரிந்தாலோ போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு பிடி மைதா தூவிப் பிசையுங்கள், உப்பு ஈரத்தை இழுத்திருக்கும், அவ்வளவுதான். அதையும் அவளையே பிசையச் சொல்லுங்கள்.