‘தாத்தா வீடு’ குழு: டப்பாவுக்குள் இருப்பது என்ன?

கல்பனா: [படம்]

கல்பனா: குளியலறையில் இருந்தது. டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டேன். பூரானா, மரவட்டையா? தாரா பக்கத்திலிருந்து நகர மாட்டேன் என்கிறாள்

ராஜம்: ஐயோ

உமா: செருப்பால் அடி

சேகர்: படம் ஆடிப்போயிருக்கிறது

கார்த்தி: அக்கா, ஆப்பில் போட்டேன். சீப்பு என்கிறது

உமா: உன் அப்பா மீசையைக் கம்பளிப்பூச்சி என்றதே, அதே ஆப்பா?

முரளி: அடிக்க வேண்டாம், கல்பனா. உடம்பு வளையம் வளையமாக இருக்கும், பார். வளையத்துக்கு ஒரு ஜோடி கால் என்றால் பூரான். இரண்டு ஜோடி என்றால் மரவட்டை. கழுத்துப் பக்கத்து வளையங்களை எண்ணாதே, அங்கே மரவட்டைக்கும் இரண்டு ஜோடி இருக்காது. இதுதான் வகைப்பாட்டுத் திறவுகோல். ஒவ்வொரு படியிலும் இரண்டே வழி, ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த படி. லாமார்க் 1778இலேயே பிரான்ஸ் நாட்டுச் செடிகளுக்கு இந்த முறையில் புத்தகம் எழுதினார்.

சேகர்: அண்ணன் வகுப்பு ஆரம்பம்

கல்பனா: வளையமே தெரியவில்லை மாமா. ஓடிக்கொண்டே இருக்கிறது

முரளி: ஓடுகிறதா? அப்படியென்றால் பூரான் பக்கம்தான் என் ஓட்டு. மரவட்டை இவ்வளவு ஓடாது, தொட்டால் சுருண்டுகொள்ளும். ஆனாலும் எண்ணாமல் சொல்ல மாட்டேன். லென்ஸ் இருக்கிறதா? பத்து மடங்கு காட்டினால் போதும்.

ராஜம்: அப்பாவின் லென்ஸ் யாரிடம் இருக்கிறது?

சேகர்: என்னிடம் இல்லை

உமா: உங்களை யார் கேட்டார்கள்?

ராஜம்: பித்தளைப் பிடி போட்டது. வீட்டைப் பிரித்த அன்று அலமாரியில் இருந்தது, நான் பார்த்தேன்

முரளி: அக்கா, அது அப்புறம்

கார்த்தி: பெரியப்பா, டிஎன்ஏ பார்த்தால் உடனே தெரிந்துவிடாதா?

முரளி: உடனே எல்லாம் இல்லை. விலங்கு என்றால் சிஓஐ மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளத் துண்டு ஒன்றைப் படிப்பார்கள். டிஎன்ஏ பார்கோடு என்று பெயர். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து பால் ஹெபர்ட் குழு 2003இல் முன்வைத்தது. சரி, படித்ததை எதனோடு ஒப்பிடுவாய்? யாரோ ஒருவர் கால், கண், பல் எல்லாம் பார்த்துப் பெயர் எழுதி, அருங்காட்சியகத்தில் ஆல்கஹாலில் போட்டு வைத்த பழைய பூரான் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த 650 எழுத்தும் முகவரி இல்லாத கடிதம்.

சேகர்: டிஎன்ஏ வைத்து லென்ஸ் எடுத்தவரையும் கண்டுபிடிக்கலாமே

ராஜம்: பேச்சை மாற்றாதேடா

உமா: மரவட்டைக்கு நிஜமாகவே ஆயிரம் காலா?

முரளி: பெரும்பாலும் சில நூறுதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் 60 மீட்டர் ஆழத்தில் ஒன்று கிடைத்தது, 1,306 கால். 2021இல் யூமில்லிபெஸ் பெர்செஃபோனி என்று பெயர் வைத்தார்கள்.

உமா: அதற்கு ஒரு செருப்பு போதாது

கல்பனா: தாரா போன் கேமராவில் பெரிதாக்கி எண்ணிவிட்டாள். வளையத்துக்கு ஒரு ஜோடி. மொத்தம் 21 ஜோடியாம்

முரளி: பலே! வளர்ந்த பூரானுக்கு ஒற்றைப்படைதான் வரும். 20 என்றிருந்தால் மறுபடி எண்ணச் சொல்லியிருப்பேன். 21, 23 என்றால் ஸ்கோலோபென்ட்ரோமார்ஃபா என்கிற பூரான் பிரிவாக இருக்கும். கடிக்கும், கையால் தொடாதீர்கள். எந்தச் சிற்றினம் என்று சொல்ல லென்ஸ் இல்லாமல் முடியாது.

ராஜம்: கேட்டுக்கொள் சேகர்

சேகர்: ஞாயிற்றுக்கிழமை பழைய பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். இருக்கிறது என்று சொல்லவில்லை

கல்பனா: அதுவரை இது டப்பாவிலேயே இருக்கட்டுமா?

ராஜம்: வெளியே விட்டுவிடு

முரளி: வைத்திரு. மூடியில் சின்ன ஓட்டை, உள்ளே ஈரப் பஞ்சு

கல்பனா: தாரா அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்

முரளி: உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் லின்னேயஸ் முறைப்படி இரண்டு சொல் இருக்க வேண்டுமே

கல்பனா: இரண்டு சொல்தான். மீசைத் தாத்தா

சேகர்: உமா சொன்னதைச் செய்